ஒரு சிறு சித்திரமும் புதுச்சேரி நீதிச் சாவடியும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் வழக்கம்போல், "நயினார் ஐயா, ஏதாவது சமணக் கல்வெட்டு பற்றி எழுதிக் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். கல்வெட்டு எங்கும் ஓடிவிடாது, இந்த முறை ஒரு காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். வடாலாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காகித வியாபாரம் செய்பவனுக்குக் கல்லைவிடக் காகிதம்தான் நெருக்கம். புதுத்தாளும் விற்கிறேன், பழைய தாளை எடைக்கும் வாங்குகிறேன். நான் கல்லூரிப் படிகளை மிதித்தவன் அல்லன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எடைக்கு வந்த புத்தகங்களைப் பிரித்துப் படித்துத் தேறியவன். அறிஞர்கள் பிழை கண்டால் பொறுத்தருள்க.

1996ஆம் ஆண்டு கோட்டைப் பகுதியில் ஒரு பழைய வக்கீல் அலுவலகத்தைக் காலி செய்தார்கள். அங்கிருந்த தீர்ப்புத் தொகுப்புகளை எடைக்கு எடுத்தேன். மூட்டை பிரித்தபோது ஒரு தடித்த புத்தகத்தின் நடுவில், போஸ்ட் கார்டைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சித்திரம் இருந்தது. பழுப்பு மையில் பேனாக்கோடு, அதன்மேல் தூரிகையால் நிழல் பூசியிருந்தது. உயர்ந்த ஆசனத்தில் உரோமானியப் படைவீரன் உடையில் ஓர் அரசன் அமர்ந்திருக்கிறான். தலையில் மட்டும் சுருள்சுருளாகப் பொய்முடி. பக்கத்தில் தராசு பிடித்த ஒரு பெண். எதிரே நீண்ட அங்கி அணிந்த மனிதர்கள் குனிந்து நின்று அவனிடமிருந்து ஒரு புத்தகத்தைப் பெறுகிறார்கள். படிக்கட்டின் கீழே எலும்பும் தோலுமான ஒரு கிழவி, கை நிறையக் காகிதச் சுருள்களை அள்ளிக்கொண்டு விழுந்து கிடக்கிறாள். அடியில் பிரெஞ்சில் ஒரு வரி.

படத்தைப் பற்றித் தெரியாவிட்டாலும் தாளைப் பற்றி எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நெருக்கமான கம்பிவரிகளும் அவற்றை வெட்டிச் செல்லும் அகன்ற வரிகளும் தெரிந்தன. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட திராட்சைக் குலை நீர்க்குறி. கந்தல் துணியைக் கூழாக்கிச் சல்லடையில் கையால் வார்த்த தாள். இயந்திரத் தாள் 19ஆம் நூற்றாண்டின் சரக்கு, இது அதற்கு முந்தைய முறை. ஆனால் ஒன்று: தாள் பழையது என்பதால் கோடும் பழையது என்று ஆகிவிடாது. பழைய தாளைத் தேடிப்பிடித்துப் புதுப்படம் போடுகிறவர்களும் உலகத்தில் உண்டு. பிறகு விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "அச்சுப் படத்தைப் பார்த்து யாரோ வரைந்த நகல், பெரிய விலை போகாது" என்றார். விற்பதாக இல்லை என்றதும் அவருக்கும் ஆர்வம் போய்விட்டது.

அந்த ஒரு வரியைப் படித்துச் சொன்னவர் மாட்டுங்காவில் பிள்ளை வீட்டில் தங்கியிருந்த, புதுச்சேரியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். "நீதியின் சீர்திருத்தம், 1667" என்று படித்துவிட்டு, "வெர்சாய் அரண்மனைக் கூரையில் இருக்கிற படம் ஐயா இது" என்றார். உண்மைதான். வெர்சாயின் கண்ணாடி மண்டபக் கூரையில் பதினான்காம் லூயி மன்னனின் பெருமைகளை ஷார்ல் லெ ப்ரன் என்ற ஓவியரும் அவர் குழுவினரும் 1684க்குள் தீட்டி முடித்தார்கள். போர் வெற்றிகளுக்குப் பெரிய படங்கள். நீதிச் சீர்திருத்தத்துக்குச் சிறிய இடம். அவற்றையெல்லாம் பார்த்து வரைந்து அச்சுப் படங்களாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பெரிய தொகுப்பும் வந்தது. அந்த வகை அச்சின் நகல்தான் என் கைக்கு வந்திருக்கிறது.

அந்தக் கிழவி யார் என்று கேட்டேன். பெரியவர் ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார்: ஷிக்கான். நம் ஊர்ப் பேச்சில் வம்பு வழக்கு. வாய்தாவுக்கு மேல் வாய்தா, மனுவுக்கு மேல் மனு என்று எதிராளியைச் சாகடிக்கும் சூது. அதையே ஒரு கிழவியாக்கிக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கவைத்திருக்கிறான் ஓவியன். காகித வியாபாரியான எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அவளுக்குத்தானே சரக்குப் போடுகிறார்கள்!

1667இல் நடந்தது இதுதான். அதுவரை பிரான்சில் பகுதிக்கொரு வழக்கம், நீதிமன்றத்துக்கொரு நடைமுறை. மன்னனின் அமைச்சர் கொல்பேர் இதை ஒழுங்குபடுத்த விரும்பினார். அவருடைய தாய்மாமன் புசோர் முன்னின்று வரைவு எழுத, பாரிஸ் உயர்மன்றத் தலைவர் லமுவாஞோன் பல இடங்களில் மறுத்து வாதிட, கடைசியில் உரிமையியல் வழக்குகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே நடைமுறைச் சட்டம் பிறந்தது. எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், எதற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டன. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதி ஒன்றை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற விதியும் அதில்தான் வந்தது. மூன்றே ஆண்டில், 1670இல், குற்றவியல் நடைமுறைக்கும் ஒரு சட்டம் வந்தது. இரண்டாவது சட்டத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதைக்கு வேண்டியது அதுதான்.

நடைமுறை மாறியதே தவிர நீதிபதிகள் மாறவில்லை. அந்தக் காலத்தில் பிரான்சில் நீதிபதிப் பதவி விலைக்கு வாங்கும் சொத்து. தகப்பன் பிள்ளைக்கு விட்டுப்போகலாம். வழக்காடுபவர்கள் நீதிபதிக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'எபிஸ்', அதாவது மசாலாச் சரக்கு! ஆதியில் வென்றவர் நன்றிக்காக மணப்பொருளும் இனிப்பும் கொடுத்தாராம். பிறகு அது காசாகி, கட்டாயமாகி, பெயர் மட்டும் மிளகு வாசனையோடு நின்றுவிட்டது. 1771இல் பதினைந்தாம் லூயியின் தலைமை அமைச்சர் மொப்பூ இந்தப் பதவி விற்பனையையும் மசாலாப் பணத்தையும் ஒரேயடியாக ஒழிக்கப் பார்த்தார். 1774இல் பட்டத்துக்கு வந்த பதினாறாம் லூயி பழைய மன்றங்களையே திரும்பக் கூட்டிவிட்டான். அந்த வழக்கம் ஒழியப் புரட்சி வரவேண்டியிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். என் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்கூட இராது. சிறு வயதில் மல்லாட்டை மூட்டையோடு அப்பா என்னையும் அங்கே அழைத்துப்போவார். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். "இது வேற ராஜ்ஜியமா இருந்த ஊருடா. இங்க கோர்ட்டும் வேற, சட்டமும் வேற" என்பார். அப்பா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தச் சித்திரம் வந்த பிறகே எனக்கு விளங்கியது.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் அதே பதினான்காம் லூயியின் ஆணையால் பிறந்தது. கம்பெனியின் இடங்களில் மன்னன் பெயரால் நீதி வழங்க வேண்டும், அங்கே மன்னனின் சட்டங்களும் பாரிஸ் வழக்கச் சட்டமும் செல்லும் என்று அந்த ஆணையிலேயே இருந்தது. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினார். 1693இல் டச்சுக்காரர் பிடித்து, 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1701இல் புதுச்சேரியில் மேலவை என்ற உயர்மன்றம் ஏற்பட்டது. அதில் உட்கார்ந்தவர்கள் யார்? கம்பெனியின் கவர்னரும் கணக்கு பார்க்கும் அதிகாரிகளும்தான். காலையில் துணி மூட்டைக்கு விலை பேசியவர் மாலையில் நீதிபதி. வெர்சாய்க் கூரையில் குனிந்து புத்தகம் வாங்கியவர்களுக்காவது சட்டம் தெரியும். இவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது.

இந்த மன்றத்தின் முன் நின்றவர்தான் நயினியப்பப் பிள்ளை. (நயினார் என்பது எங்கள் பட்டம் என்பதால் அவரும் சமணரா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அவர் சைவ, வைணவக் கோயில்களோடு தொடர்புள்ள இந்து வணிகர்.) 1708 முதல் அவர் கம்பெனியின் தலைமைத் தரகர். நெசவாளரிடம் துணி கொள்முதல், அரசர்களிடம் பேச்சுவார்த்தை எல்லாம் அவர் கையில் இருந்தது. அந்த இடத்தில் ஒரு கிறித்தவர் இருக்க வேண்டும் என்று ஏசு சபையார் விடாமல் வற்புறுத்தி வந்தார்கள். கவர்னராக இருந்து போய், மறுபடி செல்வாக்குத் தேடி வந்த எபேர் என்பவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1716 பிப்ரவரியில் நயினியப்பர் கைதானார். கொடுங்கோன்மை ஒரு குற்றச்சாட்டு. நகர மக்கள் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேற முயன்ற கலகத்தைத் தூண்டினார் என்பது இன்னொன்று. சில மாதங்களில் தீர்ப்பு: கடைத்தெருவில் வைத்து 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெரும் அபராதம், சொத்துப் பறிமுதல், பிள்ளைகளுக்கு ஊர் விலக்கு. 1717 ஆகஸ்டில் சிறையிலேயே அவர் இறந்தார்.

இந்த வழக்கில் என்னை உறங்கவிடாத விஷயம் தண்டனை அன்று, மொழி. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அதை மொழிபெயர்ப்பாளர் போர்த்துக்கீசில் சொன்னார். அக்காலத்தில் கடற்கரை வணிகத்துக்கு அதுதான் பொதுமொழி. அதைக் கேட்டு எழுத்தர் பிரெஞ்சில் எழுதினார். பிரெஞ்சுத் தாளில் சாட்சிகள் தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் யார் என்றால், ஏசு சபையாரின் உபதேசியாருடைய மகன். குற்றம்சாட்டியவர் வீட்டுப் பிள்ளையே சாட்சியின் நாக்கு!

1670 சட்டம் மிகக் கடுமையானது. விசாரணை இரகசியம். பெருங்குற்றங்களில் வக்கீல் கிடையாது. குற்றவாளியைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைப்பார்கள். அப்படிப்பட்ட சட்டத்திலும் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சு தெரியாதவனிடம் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. சாட்சிகளை அவன் முகத்துக்கு நேரே நிறுத்த வேண்டும் என்பது இன்னொன்று. நயினியப்பர் தரப்பார் பிரான்சுக்கு அனுப்பிய மனுக்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். எங்களுக்கு உங்கள் சட்டம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. உங்கள் மன்னனின் சட்டத்தையே நீங்கள் மீறிவிட்டீர்கள் என்றார்கள். நம்மவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் பாருங்கள்.

மனுக்களைக் கப்பலேற்ற ஆள் வேண்டுமே. ஏசு சபையாருக்குப் போட்டியான பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருமார்களும், நயினியப்பரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த சேன் மலோ துறைமுக வணிகர்களும் துணை நின்றார்கள். நியாயம் பார்த்தா, எதிரியின் எதிரி என்றா என்பதை நான் ஆராயப்போவதில்லை. இரண்டும் இருந்திருக்கும். மறுவிசாரணைக்கு ஆணை வந்தது. பழைய சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது, போடச் சொன்னார்கள், போட்டோம் என்ற பாணியில் சொன்னார்கள். தீர்ப்பு ரத்தானது. எபேர் பதவியிழந்து கைதியாகப் பிரான்சுக்குப் போனார். நயினியப்பரின் மூத்த மகன் குருவப்பப் பிள்ளை தாமே கடல் கடந்து பிரான்சு சென்றார். அங்கே திருமுழுக்குப் பெற்று, புனித மிக்கேல் விருதோடு 'ஷெவாலியே' ஆகித் திரும்பி, தந்தையின் பதவியில் உட்கார்ந்து 1724இல் காலமானார். தகப்பன் கிறித்தவர் அல்ல என்பதால் போன பதவி மகன் கிறித்தவரான பிறகு வந்தது. இதை வெற்றி என்பதா என்று வாசகர்களே முடிவு செய்யட்டும். நயினியப்பருடைய மைத்துனர் திருவேங்கடமும் இந்த வழக்கில் சிக்கித் துன்பப்பட்டவர். அவர் மகன்தான் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய நம் ஆனந்தரங்கப் பிள்ளை. வீட்டில் இப்படி ஒரு கதை இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் அன்றாடம் நடப்பதை எழுதி வைக்கத்தான் தோன்றும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு சொந்த விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1988இல் ஒரு செக் விவகாரமாக இந்த நகரத்தில் ஒரு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வேறொரு வழக்கில் தாராவியைச் சேர்ந்த திருநெல்வேலி அம்மாள் ஒருவர் கூண்டில் நின்றார். மகன் மேல் திருட்டுக் குற்றம். தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று குமாஸ்தா கூப்பிட்டார். பெருமையாகக் கை தூக்கினேன். அந்த அம்மாள் மூச்சுவிடாமல் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி அவன் எங்கூடத்தான்யா இருந்தான். மழை ஊத்துச்சு, கூரை ஒழுகுச்சு. விடிய விடிய ரெண்டு பேரும் தண்ணிய கோரிக் கோரி ஊத்துனோம். அடுத்த வீட்டுக்காரி வந்து வாளி வாங்கிட்டுப் போனா..." இன்னும் சொல்லிக்கொண்டே போனார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் இந்தியில் ஒரே வரியில் சொன்னேன்: "பையன் அன்று வீட்டில்தான் இருந்தான் என்கிறார்." எழுதிக்கொண்டார்கள். அம்மாள் கட்டைவிரல் உருட்டினார். எனக்கு நன்றி சொன்னார்கள்.

வாளி வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரி ஒரு சாட்சி. அவளை நான் விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. மறுநாள் போனேன். அந்த வழக்கு எண்ணும் எனக்குத் தெரியாது, அந்த அம்மாள் பெயரும் தெரியாது. பிறகு அவர்களை நான் பார்க்கவே இல்லை. நயினியப்பர் வழக்கின் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிப் படிக்கும்போது அவனைத் திட்ட எனக்கு முழு வாய் வரவில்லை. அவன் வேண்டுமென்றே செய்திருக்கலாம். நான் அவசரத்தில் செய்தேன். தாளில் விழுந்தது என்னவோ ஒரே மாதிரிதான்.

நம் குடும்பங்களில் இளைஞர்கள் தெரிந்துகொள்ள ஒன்று: குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் விளக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள்.

1670 சட்டம் வெள்ளைக்காரரையும் விடவில்லை. புதுச்சேரியை 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த தளபதி லாலி பாரிஸ் மன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 1766 மே மாதம், வாயில் துணி அடைத்துத் தலை வெட்டப்பட்டார். தம் வீட்டைக் கொள்ளையடித்தவர் என்று அவரைப் பற்றிப் புதுச்சேரித் தமிழருக்கு நல்லெண்ணம் கிடையாது. ஆனாலும் வக்கீல் இல்லாமல் இரகசிய விசாரணையில் ஒருவரைக் கொல்வதா என்று வொல்த்தேர் எழுதி எழுதி ஓயவில்லை. 1778இல் மன்னர் அவை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தலை போய்ப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. 1780இல் ஒப்புதல் வாக்குமூலத்துக்கான சித்திரவதையைப் பதினாறாம் லூயி நிறுத்தினான்.

இத்தனைக்கும் நடுவே புதுச்சேரியில் சாதாரணத் தமிழன் ஏறி இறங்கியது மேலவை அன்று, சாவடி. நம் சாவடிதான் பிரெஞ்சு ஏடுகளில் 'ஷோத்ரி' ஆயிற்று. மராட்டியில் கிராம அலுவலகத்தைச் 'சாவ்டி' என்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்தான். தமிழரிடையே வரும் கடன், பாகப்பிரிவினை, தத்து, விதவையின் சோற்றுப் பங்கு போன்ற வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் கேட்டது. நீதிபதி பிரெஞ்சுக்காரர். ஆனால் தீர்ப்பு பாரிஸ் வழக்கப்படி அல்ல, அந்தந்தச் சாதியின் மாமூல்படி. 'மாமூல்' என்ற சொல்லையே பிரெஞ்சுச் சட்டநூல்கள் எடுத்துக்கொண்டன. (இன்று மும்பையில் மாமூல் என்றால் வேறு பொருள். மசாலாச் சரக்கு போன வழியே மாமூலும் போனது.) வழக்கம் என்னவென்று தெரியாதபோது சாதிப் பெரியவர்களையும் மத்தியஸ்தர்களையும் கேட்டார்கள். 1766 முதல் 1817 வரையிலான சாவடித் தீர்ப்புகளை ஜான் குளோத் பொன்னான் என்ற அறிஞர் தொகுத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1999இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. 1778இல் சாவடி நடைமுறைக்கும் ஒழுங்குமுறை எழுதினார்கள்.

புரட்சி வந்து மன்னன் தலையே போய், நெப்போலியன் சட்டம் வந்து, மறுபடி மன்னராட்சி திரும்பிய பிறகு, பதினெட்டாம் லூயி காலத்தில் 1819 சனவரி 6ஆம் நாள் ஆணை பிறந்தது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் நடைமுறைக்கு வரும், ஆனால் கிறித்தவர், முகம்மதியர், இந்துக்கள் ஆகிய இந்தியர் முன்போலவே தத்தம் சாதி வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றது அது. 1827இல் வழக்கங்களைச் சொல்ல நம்மவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவும் ஏற்பட்டது. இதை மரியாதை என்று சிலர் பாராட்டுவர். எனக்கு அரை மனம்தான். மாமூலைச் சொன்னவர்கள் பெரிய வீட்டு ஆண்கள். விதவைக்கும் தாழ்த்தப்பட்டவருக்கும் அந்த மாமூல் என்ன கொடுத்திருக்கும்? 1881 செப்டம்பர் ஆணைப்படி விரும்பியவர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்றபோது, எழுதிக் கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் பலர். 'ரெனோன்சான்' என்று பெயர். அந்தக் குடும்பங்களுக்குப் புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் செல்லுகிறது. அப்பா சொன்ன "சட்டமும் வேற" இதுதான்.

சித்திரத்தை இப்போது கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால், வெயில் படாத சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் மன்னன் இருக்கிறான், நீதித்தேவி இருக்கிறாள், நீதிபதிகள் இருக்கிறார்கள், வம்புக் கிழவியும் இருக்கிறாள். வழக்குக் கொண்டுவந்தவன் மட்டும் எங்கும் இல்லை. ஓவியன் இடம் போதாமல் விட்டானோ என்னவோ. பார்க்க விரும்பும் அன்பர்கள் வடாலா வந்தால் மதியம் இரண்டு முதல் நான்கு வரை வாருங்கள், அப்போதுதான் கடையில் லாரி நிற்காது. தாராவியிலிருந்து அந்த அம்மாளையோ அவர் மகனையோ அறிந்தவர் யாராவது இதைப் படித்தால், 1988, மழைக்காலம், வாளி வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரி என்று மட்டும் சொல்லுங்கள்.